தம்பி சட்டையில் பாதி ஆட்டம்

எங்கள் அம்மாவும் லோரி பெரியம்மாவும் கூடப் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே தம்பி, கராடோக் மாமா. லோரி பெரியம்மாவைக் கட்டியவர் ஹவோத் வீட்டு எட்மண்ட், சிலேட்டுக் கல்குவாரியில் பாறை பிளக்கிறவர். அவர்களுக்கு ஆண் பிள்ளைகள் இருவர். மூத்தவன் இட்வால், இளையவன் டெக்வின். எட்மண்ட் பெரியப்பாவின் தகப்பன் வழியில் ஒரு கிளை இங்கிலாந்துப் பட்டணத்துக்குப் பிழைக்கப் போய் ஜவுளிக்கடை வைத்தது. கடைக்காரர் பேர் பென்னன்ட். அவரும் கதையில் வருவார். எங்கள் வெல்ஷ் ஊரான ரீத்வெனில் யாரைத் தொட்டாலும் ஏதாவது முறை வந்து நிற்கும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இட்வால் அண்ணனுக்கு நேர்ந்ததில் அந்நியன் கை என்று ஒன்று உண்டென்றால் அது கடைசியில் வந்த கை. அதற்கு முன்னால் வந்த கையெல்லாம் நம் வீட்டுக் கை.

அண்ணன் கால்பந்தில் இடது ஓரத்தில் ஆடுகிறவன். குவாரிக் கழிவுக்கல் மலைபோலக் கொட்டிக் கிடக்குமே, அதன் அடியில்தான் எங்கள் மைதானம். பந்து மேட்டில் ஏறினால் உருண்டு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும். பதினெட்டு வயதில் இங்கிலாந்துக் கிளப் ஒன்று அவனைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. போகிற அன்று சேப்பலில் அவனுக்காக ஜெபிக்கலாமா வேண்டாமா என்று சபை மூப்பர்களுக்குள் வாக்குவாதம்.

"பந்து உதைக்கப் போறவனுக்கு எதுக்குய்யா ஜெபம்?" என்றார் ஒருவர்.

"அவன் போற ஊரைப் பார்த்தீங்கன்னா ரெண்டு தடவை ஜெபிப்பீங்க," என்றார் கராடோக் மாமா. அவரும் மூப்பர்தான். ஜெபம் நடந்தது.

பிறகு சனிக்கிழமை சாயங்காலம் என்றால் எல்லிஸ் முடிவெட்டும் கடையில் ஊரே நிற்கும். ரேடியோவில் எந்தக் கிளப் எத்தனை கோல் என்று மட்டும்தான் வரும், போட்டவன் பேர் வராது. அண்ணனுடைய கிளப் இரண்டு போட்டிருந்தால், "ரெண்டும் நம்ம பயதான்," என்று எல்லிஸ் சொல்லிவிடுவார். ஒன்றும் போடாவிட்டால், "இன்னிக்கு அவனை எறக்கலை போல." இப்படி அவர் கணக்கில் அண்ணன் போட்ட கோல்கள் அந்த நாட்டில் யாரும் போட்டதில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கார்த்திகை மாதத்துக் குளிரில் எட்மண்ட் பெரியப்பா நெஞ்சில் கல்தூசி அடைத்துச் செத்துப்போனார். கிளப் மேனேஜர் அண்ணனுக்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்தார். அடக்கம் செய், மறுநாள் வண்டியேறு என்றார். அந்த மனுஷருக்கு அடக்கம் என்றால் குழியை மூடுவது. எங்களுக்கு அப்படி இல்லையே. அடுத்த ஞாயிறு வரைக்கும் வீட்டார் வாசல் தாண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறுப்பு உடுத்தி, எல்லோரும் ஒரே வரிசையில் சேப்பலில் உட்கார்ந்து, செத்தவரைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு எழுந்தால்தான் அடக்கம் முடிந்தது. மூத்த மகன் இல்லாமல் அந்த வரிசை ஏது?

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரச்சொல்லித் தபாலாபீசுக்குப் போன் வந்தது. தபாலாபீஸ்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "லோரி அக்கா, அந்த ஆளு காதுக்குள்ளயே குலைக்கிறான். நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"நீ போயிட்டு வாப்பா," என்றாள் பெரியம்மா மகனிடம். "அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

"நீ நெனைப்பியேம்மா," என்று சொல்லிவிட்டு அண்ணன் அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடப் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை கிளப் படுதோல்வி. அதற்குப் பிறகு மேனேஜர் அவனை இறக்கவே இல்லை. கோடை வந்தது, வருஷ ஒப்பந்தம் முடிந்தது. முடிந்தால் விட்டுவிட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி இல்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் பேர் கிளப்பின் பிடியில்தான் இருக்கும். அவர்களாக விடுவித்தால் ஒழிய வேறு கிளப்புக்குப் போக முடியாது. சம்பளம் தராமலே பேரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வெட்டிவிடாத தாலி மாதிரி. தெற்கே துறைமுகப் பட்டணத்துக் கிளப் ஒன்று அவனுக்காக ஆள் அனுப்பியது. வந்தவர் ஹவோத் அடுப்படியில் உட்கார்ந்து திராட்சை ரொட்டி தின்று, "இவனை எனக்குக் கொடுங்க, ராசா மாதிரி வச்சுக்கிறேன்," என்றார். கொடுக்க நாங்கள் யார்? மேனேஜர் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் ஊருக்கு வந்துவிட்டான். குவாரிக் கொட்டகையில் கல் சுமந்தான். தொழில் ஆட்டக்காரன் என்று பேர் பதிந்தவன் ஊர் டீமில்கூட ஆடக்கூடாது. சனிக்கிழமை தோறும் மைதானத்து வேலி ஓரம் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பான். பந்து வெளியே வந்து காலடியில் நின்றால், குனிந்து கையால் எடுத்துக் கொடுப்பான். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. ஜவுளிக்கடைப் பென்னன்ட் அந்தக் கிளப்பின் நிர்வாகக் குழுவில் ஒருவர். பட்டணத்தில் இருந்தாலும் ஞாயிறு தவறாமல் அங்கே உள்ள வெல்ஷ் சேப்பலுக்குப் போகிறவர். ஒரு பிரசங்கக் கூட்டத்தில் கராடோக் மாமா அவரைப் பிடித்துப் பேசிவிட்டு வந்தார்.

"ஈஸ்டர் கழிஞ்சு குழு கூடுதாம். இவனை விட்டுரலாம்னு பென்னன்ட் பேசப்போறாரு. பாதிப் பேரு அவரு பக்கம்," என்றார் மாமா. "அதுவரைக்கும் இவன் மேல ஒரு சொல் வரக்கூடாதுன்னாரு. பந்து பக்கம் போகவே வேணாமாம்."

"போகலையே மாமா," என்றான் அண்ணன்.

"நீ போக மாட்டே. ஊரு உன்னை இழுத்துட்டுப் போகாம இருக்கணும்."

குளிர்காலம் முழுக்க ஊர் அவனை இழுக்கவில்லை. எல்லிஸ்தான் ஊர் டீமுக்கும் செயலாளர். அவரே வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஆனால் அந்த வருஷம் பார்த்து எங்கள் டீம் குவாரி ஊர்களின் கோப்பையில் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில், எதிரே பென்லான் ஊர். எங்களுக்கும் பென்லானுக்கும் பெண் கொடுத்து எடுக்கிற உறவு. அதனால் ஆட்டத்தில் கருணை கிடையாது.

பாதி ஆட்டம் முடியப் போகிற நேரம், டெக்வின் கணுக்கால் மடிந்து விழுந்தான். அவன்தான் எங்கள் இடது ஓரம். அப்போதெல்லாம் மாற்று ஆள் இறக்கும் வழக்கம் இல்லை. விழுந்தால் விழுந்தான், மீதிப் பேர் ஆட வேண்டியதுதான். இரண்டு பேர் கைத்தாங்கலாக மைதானத்து ஓரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். நான் தேநீர் வாளியோடு பின்னால் போனேன். டெக்வின் எனக்குத் தம்பி முறை, கண்ணில் தண்ணீர் நிற்கத் தரைக்கல்லை வெறித்துக்கொண்டிருந்தான்.

"பத்துப் பேரோட ஆடுவோம்," என்றார் எல்லிஸ். "முன்னாடி ஆடாததா?"

"எப்ப ஆடினோம்?" என்றான் யாரோ.

"தோத்தோமே, அப்ப."

ஒருவரும் அண்ணனைப் பார்க்கவில்லை. அவன் கதவோரம் நின்றவன் உள்ளே வந்தான், தம்பி முன்னால் மண்டிபோட்டான், பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். வீக்கத்தைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். ஒரு காலை உருவி, மற்ற காலையும் உருவினான். பிறகு தன் கோட்டைக் கழற்றினான்.

"வேணாம்ணே," என்றான் டெக்வின். "மாமா என்ன சொன்னாரு?"

"சட்டையைக் கழட்டுடா."

"இட்வாலு," என்றார் எல்லிஸ். தடுக்க வேண்டும் என்று அவர் விரும்பினாரா என்பது தெரியவில்லை.

பூட்ஸ் அவனுக்குச் சின்னது. காலை அடித்து அடித்து நுழைத்தான்.

நடுவர் ஜோப், சேப்பல் மணியக்காரர். இரண்டாம் பாதிக்கு எல்லோரும் வரிசையாக இறங்கும்போது அவர் அண்ணனுக்கு முன்னால் வந்து நின்று மேலும் கீழும் பார்த்தார். "டெக்வினு, காலு சரியாப் போச்சா?"

"ஆச்சு."

"பலே. வலியில ரெண்டு அங்குலம் வளந்துட்டியேப்பா." ஊதலை வாயில் வைத்துக்கொண்டார்.

பென்லான்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் கேப்டன், அண்ணனின் தோளில் தட்டி, "சம்பளக்காரன் காலு எப்படி இருக்குன்னு நாங்களும் பாத்துக்கிறோம் மாப்ள. ஊருக்குப் போய் மூச்சு விட மாட்டோம்," என்றான். சொன்னபடியே அவர்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் ஆடியதை எப்படிச் சொல்ல? ஒரு வருஷத்துக்கு மேலாகத் தேக்கி வைத்த தண்ணீர் மடை உடைந்த மாதிரி. இரண்டு கோல் அவன் போட்டான், ஒன்றை வேறொருவன் காலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த இரண்டாவது கோலுக்கு அவன் ஓரத்தில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பென்லான் பெண்களே கை தட்டினார்கள். ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றியபோது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அதைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தகப்பன் செத்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் சேப்பல் கூடத்தில் தேநீர் விருந்து. இரண்டு ஊரும் சேர்ந்துதான். எல்லிஸ் எழுந்து, "இன்னிக்கு ஜெயிச்சது டெக்வின். யாராவது கேட்டா டெக்வின். உங்க பொண்டாட்டி தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் டெக்வின்," என்றார். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது கராடோக் மாமா எழுந்தார்.

எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்தால் அதற்கு ஒரு பாட்டு வேண்டும். கல்யாணம், சாவு, யாராவது பசுவைச் சேற்றிலிருந்து தூக்கியது, எதுவானாலும் நாலு வரி. பாட்டில்லாத காரியம் நடக்காத காரியம் மாதிரி. மாமா அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர்பெற்ற பாட்டுக்காரர், மூன்று ஈஸ்டெத்வோத் பாட்டுத் திருவிழாவில் முதல் பரிசான நாற்காலி வாங்கியவர். அவரிடம் டெக்வின் பேரில் ஒரு பாட்டு கட்டச் சொல்லி எல்லிஸ் முன்பே காதில் ஓதியிருக்கிறார். மாமா அதற்கு, "நடுவர் புஸ்தகத்துல பொய் எழுதலாம். பத்திரிகையில எழுதலாம். பாட்டுல எழுத மாட்டேன். செய்யாதவன் பேரைப் பாட்டுல வச்சா அது செத்தவன் கல்லுல அடுத்தவன் பேரை வெட்டின மாதிரி," என்றாராம். அதனால் யார் பேரையும் சொல்லாமல் கட்டினார். எங்கள் பாஷைப் பாட்டில் எழுத்துக்கு எழுத்து முடிச்சு உண்டு. அது எனக்கு வராது. பொருளை மட்டும் சொல்கிறேன்:

காத்திருந்த ஹவோத்தின் தலைமகன் காலெடுக்க,
காற்றும் வழிவிட்டுக் கைகட்டி நின்றதே;
கட்டிவைத்த சீமான்கள் கயிறெங்கே போச்சென்று
கருமலை கேட்டுக் கலகலத்துச் சிரித்ததே.

கூடமே எழுந்து நின்றது. லோரி பெரியம்மா தோள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகனுக்குக் கிடைத்ததில் இதைவிடப் பெரியது ஒன்றும் இல்லை அவளுக்கு. நானும் தேநீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கை தட்டினேன்.

பாட்டு என்றால் எங்கள் வாரப் பத்திரிகையில் வரும், மாமா பாட்டு வராமல் இருக்காது. கேட்டு எழுதிக்கொண்டு போகிற ஆள் அன்றும் இருந்தார், எழுதிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. பேர் இல்லையே. வெல்ஷில் அல்லவா இருக்கிறது, இங்கிலாந்துக்காரனுக்கு எது தெரியப் போகிறது?

இங்கிலாந்துக்காரனுக்குத் தெரியவில்லை. பென்னன்ட்டுக்குத் தெரிந்தது.

அவர் அந்தப் பத்திரிகையை வாரா வாரம் தபாலில் வரவழைத்துப் படிக்கிறவர். ஹவோத்தின் தலைமகன் என்று பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் தகப்பன் வழிப் பாட்டியின் வீடாச்சே. ஈஸ்டர் கழித்துக் குழு கூடியபோது பத்திரிகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இவன் சாதாரண ஆள் இல்லை, இவன் ஊரில் இவனைப் பாட்டில் வைத்திருக்கிறார்கள், இப்படிப்பட்டவனைப் பிடித்து வைப்பது நமக்கு அழகா என்று கேட்டு, பாட்டை வரி வரியாய் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினார். எதற்காகக் கட்டிய பாட்டு என்று ஒருவர் கேட்டார். மேலே தலைப்பில் போட்டிருந்ததே, கோப்பை ஆட்டம் என்று. அதையும் வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் தான் என்ன வாசித்தோம் என்று அவருக்குப் புரிந்தது. மேனேஜர் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் பந்தாட்டச் சங்கத்துக்கு எழுதிப் போட, அதன் விசாரணைக்கு எல்லோரும் ரயிலேறிப் போனோம். பெண்களை உள்ளே விடவில்லை, நான் வராந்தாவில் பெரியம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தேதான் இருந்தது. ஜோப்பிடம் வேதப்புத்தகத்தை நீட்டினார்கள். மணியக்காரர், அதன் மேல் கை வைத்து எப்படிப் பொய் சொல்வார்? "எனக்குக் கண்ணு மங்கல்," என்று மட்டும் சொன்னார். "அப்ப எப்படி நடுவரா இருக்கீங்க?" என்றார்கள். "அதைத்தான் பென்லான்காரங்களும் கேக்குறாங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது கராடோக் மாமா. அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. எழுந்து நின்றார்.

"ஐயா, பாட்டுன்னா கற்பனை," என்று ஆரம்பித்தார். "நடக்காததையும் பாடுவோம். நான் பாடினது பூராவும்..."

"மாமா," என்றான் அண்ணன், வெல்ஷில். "உக்காருங்க."

"நீ சும்மா இருடா."

"உங்க வாயால அதைச் சொல்ல வேணாம். உக்காருங்க மாமா." பிறகு மேசைப் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னான்: "நான்தான் ஆடினேன். தம்பிக்குத் தெரியாது, சட்டையை நான்தான் பிடுங்கிப் போட்டேன்."

முடிவு சொல்ல அவர்களுக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. காலவரை இல்லாமல் தடை. எந்தக் கிளப்பிலும், எந்த ஊரிலும் ஆடக்கூடாது. எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது. பென்னன்ட் வெளியே வந்து பெரியம்மா முன்னால் நின்றார். வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியும் நல்ல கோட்டுமாக இருந்த மனுஷர், "பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா," என்றார். பெரியம்மா, "ஆமாங்க," என்றாள்.

துறைமுகக் கிளப்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கோடையில் ஒவ்வொருவராக ஹவோத் வீட்டுக்கு வந்தார்கள். டெக்வின் வந்து அழுதான், எல்லிஸ் வந்து அழுதார், ஜோப் வந்து உருளைக்கிழங்கு ஒரு மூட்டை வைத்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் அண்ணன்தான் ஆறுதல் சொன்னான். கராடோக் மாமா வந்த அன்று நான் அங்கே இருந்தேன். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, "என்னைத் திட்டவாவது செய்டா," என்றார்.

அண்ணன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். "முயற்சி பண்ணிப் பார்த்தேன் மாமா. வரலை," என்றான். அவர் போன பிறகு என்னிடம், "எவனாவது ஒருத்தன் கெட்டவனா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்டி. அந்த மேனேஜர்கூட, அவன் ஆளு வரலை, ஆட்டம் தோத்துச்சு, கோவப்பட்டான். கோவப்படாம என்ன செய்வான்?" என்றான்.

நெஸ்ட்டாவைக் கட்டினான். அவள் என் கணவரின் தங்கை. பிள்ளைகள் பிறந்தார்கள். கொட்டகையிலிருந்து தகப்பன் வேலைக்கே, பாறை பிளக்கப் போனான். சனிக்கிழமை மைதானத்துக்குள் வர முடியாது என்பதால் மேலே கழிவுக்கல் குவியலில் போய் உட்கார்ந்து பார்ப்பான். மழையானால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. கீழே ஆடுகிறவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தால் அண்ணாந்து பார்ப்பார்கள். அவன் அசைய மாட்டான்.

தடையை நீக்கச் சொல்லி எல்லிஸ் வருஷா வருஷம் மனுப் போட்டார். பென்னன்ட்டும் சாகும்வரை அதற்காக அலைந்தார். கடைசியில் நீக்கினார்கள். அண்ணனுக்கு அப்போது முப்பத்திரண்டு. பந்தாட்டத்தில் அது கிழவன் வயது இல்லை. குவாரியில் கிழவன் வயது. இருமல் ஆரம்பித்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை மறுபடியும் பென்லான்தான். எல்லிஸ் புதுச் சட்டை, புது பூட்ஸ், எல்லாம் அவன் அளவுக்கே வாங்கி வைத்திருந்தார். ஊர் முழுக்க வேலி ஓரம் நின்றது. அவன் இறங்கியதும் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பந்து அவனுக்கு வந்தது. தெரிந்த மாதிரியே நிறுத்தினான், தெரிந்த மாதிரியே தோளைச் சாய்த்தான். எதிரே பென்லானின் பின்வரிசைக்காரன், கல்யாணமாகிப் புதிதாய் வந்தவன், வாட்டசாட்டமான ஆள். பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அண்ணன் துரத்திப் போனான். பத்தடியில் மூச்சு முட்டிவிட்டது. முழங்காலில் கை வைத்துக் குனிந்து நின்றான். இருமல் அடங்கவில்லை. வேலி ஓரம் ஒரு சத்தமும் இல்லை. என்ன சத்தம் போடுவது?

அந்தப் பென்லான்காரன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அண்ணன் முதுகில் கை வைத்தான். "மன்னிச்சுக்கங்கண்ணே," என்றான். "மெதுவாவே வர்றேன்."

"அப்படிச் செய்யாதே," என்றான் அண்ணன், குனிந்தபடியே. "அப்படி மட்டும் செய்யாதேப்பா. ஓடு."

அவன் ஓடினான். ஓடத்தான் செய்தான், வேறென்ன செய்வான். கடைசி ஊதல் வரைக்கும் இட்வால் அண்ணன் அவன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.